உங்கள் அண்ணன் பார்த்து வாங்கிய சைலன்சர்

மாரிகுப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சங்கமித்ரா எழுதுவது. நானும் நம் மகள் யசோவும் நலம். மஸ்கட்டில் வெயில் எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் அண்ணன் பெயரை எடுத்தாலே போனில் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். காகிதத்தில் அது நடக்காது. லீவு முடிந்து உங்கள் கேம்புக்குத் திரும்பும் ராஜ்குமார் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே முறுக்கும் இருக்கிறது. கோபம் வந்தால் முறுக்கைக் கடியுங்கள், கடிதத்தைக் கிழிக்காதீர்கள்.

முதலில் நல்ல செய்தி. யசோவுக்குத் தலைவலி போய்விட்டது. இரண்டு மாதமாகப் பங்காருப்பேட்டைப் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதெல்லாம் தலைவலி, வாந்தி என்றாளே, நான் பரீட்சைப் பயம் என்றேன், போனைப் பிடுங்கி வைத்தேன், கண் டாக்டரிடமும் இழுத்துப்போனேன். பாவம், பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு நம் காரில் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் உங்கள் அண்ணன். போன மாதம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் எஞ்சினை அணைக்காமல் காய்கறிப் பையை ஏற்றிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர் வண்டிச் சத்தம் கேட்டு வந்து, பின்கதவைத் திறந்து மோந்து பார்த்தார். இரண்டு வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சே திட்டுதான். "இன்னாம்மா இது, சைலன்சர் ஓட்டை, பொகையெல்லாம் உள்ள வருது. கண்ணாடிய ஏத்திக்கினு புள்ளய பின்னாடி ஒக்கார வெச்சிக்கினு போறியா?" என்று நடுத்தெருவில் சத்தம் போட்டார். டிக்கியில் விரித்திருந்த பாயைத் தூக்கிக் காட்டினார். அடியில் தகரம் துருப்பிடித்துப் பொத்தலாகிக் கிடந்தது. மூடிய வண்டிக்குள் அந்தப் புகை ஆளையே கொன்றுவிடுமாம். அன்றிலிருந்து பஸ்ஸில் போனோம். நாலே நாளில் பிள்ளை பழையபடி ஆகிவிட்டாள்.

இந்த மாடலுக்குப் புதுசு கிடைக்காது, பழசுதான் தேடவேண்டும் என்றார் மெக்கானிக் பாபு. நான் புத்திசாலி அல்லவா? ஆர்.சி. புக்கைப் போட்டோ எடுத்துப் பெங்களூரில் ஒரு பழைய சாமான் கடைக்கு அனுப்பினேன். அவர்களும் வருஷத்தையும் மாடலையும் பார்த்து ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. புக்கில் இருப்பது கார்புரேட்டர் எஞ்சின். வண்டியில் இருப்பது நீங்களும் உங்கள் அண்ணனும் மாற்றி வைத்த இன்ஜெக்‌ஷன் எஞ்சின். நம் லைன் வீடுகளில் எந்த வண்டிக்குத்தான் புக்கும் எஞ்சினும் ஒத்துப்போகிறது! வந்த குழாயில் புகையை அளக்கும் சென்சர் மாட்ட ஓட்டையே இல்லை. சென்சரை ஓரமாகக் கட்டிவிட்டு, வெல்டிங் வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்றார் பாபு. நானும் தலையாட்டியிருப்பேன். மனம் கேட்காமல் உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பேப்பர நம்பாத. பழசக் கழட்டிக் கையோட எடுத்துக்கோ" என்றார். வேலைக்கு லீவு போட்டு வந்தார். காலை பெங்களூர் ரயிலில் அந்தத் துருப்பிடித்த குழாயை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு போனோம். தினமும் அவரோடு வேலைக்குப் போகிறவர்கள், "இதுக்கும் பாஸ் எடுத்தியா ராஜு?" என்று உங்கள் அண்ணனைக் கேலி செய்தார்கள்.

கடையில் பழசைத் தரையில் கிடத்தி, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எஞ்சினோடு சேரும் இடத்தில் போல்ட் ஓட்டைகள் பொருந்துகின்றனவா, குழாய் அதே பருமனா, தொங்கவிடும் கொக்கிகள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று அளந்தார். நம் சென்சரையே திருகி, மரை பிடிக்கிறதா என்று பார்த்தார். பளபளவென்று இருந்த ஒன்றை நான் காட்டினேன். ஸ்குரூடிரைவரால் தட்டினார், உள்ளே கலகலவென்றது. "வெளிய பெயின்ட்டு, உள்ள ஒண்ணுமில்ல" என்றார். ஆறை ஒதுக்கி ஏழாவதை எடுத்தார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என் அப்பா இவ்வளவு விசாரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்!

மறுநாள் நம் வாசலிலேயே மாட்டினார். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். டிக்கிப் பொத்தலுக்குத் தகடு வைத்து அடைத்தார். பிறகு தானே பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, பங்காருப்பேட்டை வரை என்னை ஓட்டச் சொன்னார். தனக்குத் தலை வலிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளையை ஏறவிட்டார். மாமா, அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். "நான் தொட்ட வண்டின்னா பாரி புள்ளய ஏத்தமாட்டான்" என்று உங்களைத்தான் சொன்னார். வாக்கை மீறித்தான் எழுதுகிறேன். மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அந்த எஞ்சின் பாதி வழியில் நின்றது உண்மை. உன் எஞ்சின்தான் அப்பாவைக் கொன்றது, இனி என் வீட்டுப் படி ஏறாதே என்று நீங்கள் சொன்னதும் உண்மை. ஆனால் வண்டி கிளம்பும் முன்பே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நீங்கள் கேட்கும் நிலையில் இல்லை. பிறகாவது நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கோபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

வேலை முடிந்து உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்றேன். "அவன் சொல்லாம ஏறமாட்டேன்" என்று கார் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். யசோதான் பெரியப்பாவுக்குத் தட்டை வெளியே எடுத்துப்போய்க் கொடுத்தாள். யார் வீட்டு வாசலிலும் நின்று சாப்பிடாதே என்று சொல்லிச் சொல்லி உங்கள் இருவரையும் வளர்த்தவர் மாமனார். அவருடைய மூத்த மகனுக்கு நம் வீட்டில் வெளியே சோறு போட்டோம், மாமா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று தினமும் விளக்கேற்றிச் சொல்கிறோமே, அதில் அவரும் உண்டுதானே? உள்ளே வா என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
சங்கமித்ரா