உன் நீலக் காலுறைகள்

மச்சான்,

உன் நீலக் காலுறை இரண்டையும் இன்று காலை துவைத்து, உலர்த்தும் றையரிலிருந்து சுடச்சுட எடுத்தேன். இத்தனை வருடமாக அவற்றில் இருந்த பூச்சி உருண்டை மணம் போய், சோப்பு மணம்தான் வந்தது. "மேல்விளிம்பு தொங்குது, எறியுங்கோவன்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளே வாங்கி மடித்தாள். நேற்று உன் மகளின் கலியாணம். அதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

இந்தக் காலுறை என்னிடம் வந்த கதையை நீ சொல்லாத விருந்து இல்லை. இப்போது அதைச் சொல்ல நான்தான் மிச்சம். பார்க்டேலில் நீயும் நானும் ஒரே அறையில் இருந்த காலம். எனக்குப் பெண் பார்க்க ஸ்காபரோவுக்குப் புறப்பட்டோம். எனக்கு இரவல் வாங்கிய கருநீலச் சூட், கழுத்தில் ரை, முகம் தெரியுமளவுக்கு மினுக்கிய சப்பாத்து. இரவல் காற்சட்டை கொஞ்சம் கட்டை. பெண் வீட்டு எலிவேற்றரில் ஏறிய பிறகுதான் அதன் கீழே எட்டிப்பார்த்த என் வெள்ளை விளையாட்டுக் காலுறை உன் கண்ணில் பட்டது.

"டேய், உதென்னடா கோலம்?"

"சப்பாத்துக்குள்ளைதானே கிடக்கு. ஆர் பாக்கிறது?"

"விசரா, எங்கடை ஆக்களின்ரை வீட்டிலை சப்பாத்து வாசலோடை நிண்டிடும். உள்ளுக்கை போறது மேசுதான். கழட்டு!"

ஒற்றைக்காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு உன் நீலத்தையும் என் வெள்ளையையும் மாற்றினோம். இடையில் கதவு திறந்தது. நாய்க்குட்டியோடு நின்ற வெள்ளைக்கார அம்மா எங்கள் வெறுங்கால்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார்.

அந்த வீட்டில் நான் காலை நீட்டி மாப்பிள்ளை மாதிரி இருந்தேன். நீயோ நீலச் சூட்டும் என் வெள்ளைக் காலுறையுமாக, ஓட்டைக்குள்ளால் வந்த பெருவிரலை மற்றப் பாதத்தால் மூடிக்கொண்டிருந்தாய். தேத்தண்ணி கொண்டுவந்தவள் உன் காலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியதில் தட்டு ஆடியது. "மாப்பிள்ளையைப் பிறகுதான் பாத்தனான்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

திருப்பித் தந்தபோது, "வைச்சிரு, உனக்கு இன்னும் தேவைப்படும்" என்றாய். அதன்பிறகு இந்த விஷயத்தில் நீ பெரிய நீதவான். எந்த மண்டபத்துக்குப் போனாலும் மணமக்களை விட்டுவிட்டு வந்தவர்களின் கணுக்காலைப் பார்ப்பாய். "காற்சட்டையின்ரை நிறத்துக்குத்தான் மேசு, சப்பாத்தின்ரை நிறத்துக்கில்லை. இருக்கேக்கை தோல் தெரியப்படாது." உன்னைப் பார்த்து உன் மகளும் சின்ன வயதில் வாசலில் நின்று, வருகிறவர்களின் கால்களுக்கு மார்க் போடுவாள். எனக்கு ஒருநாளும் நல்ல மார்க் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, "கலியாணத்தண்டு அவளைச் சேர்ச்சுக்குள்ளை பீடத்தடிக்கு நீ கூட்டிக்கொண்டு போ" என்றாய். நான் தலையாட்டினேன். அவள்தான் சம்மதிக்கவில்லை. "அப்பான்ரை இடத்திலை ஒருத்தரும் வேண்டாம் மாமா. ஐ வில் வோக் அலோன்" என்று சொல்லிவிட்டாள். "விடுங்கோ அண்ணை, அவள் தேப்பனைப் போலை" என்றார் உன் மனைவி. எனக்கு அவளில் கோபம் இல்லை. உனக்குத் தந்த வாக்கை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

நேற்றுக் காலை கருநீலச் சூட் போட்டேன். இம்முறை என்னுடையது. அதற்கென்று வாங்கிய புதுக் காலுறை கட்டிலில் கிடந்தது. கை தானாக அலுமாரியில் இழுக்கும் லாச்சியின் அடிக்குப் போனது. உன்னுடையதைப் போட்டு நாலடி நடக்கமுன் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. தோல் தெரிந்தால் நீ விடமாட்டாய். மனைவி சமையலறைக்குப் போய், ப்ரொக்கோலிக் கட்டில் வரும் தடித்த றப்பர் பாண்ட் இரண்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

அஜின்கோர்ட்டில் உன் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லாமல் சப்பாத்துகள். தேவாலயத்துக்குப் புறப்படுமுன் மகள் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கினாள். முதலில் தாய் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். அடுத்தது நான். கையை நீட்டினால், குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு றப்பர் பாண்ட் வழுகிக் கணுக்காலில் கிடந்தது. அதை விரலால் தொட்டாள்.

"மாமா, உது எலிவேற்றர் சொக்ஸா?"

"ஓம், பிள்ளை."

சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாற, அவளுக்கு மேக்கப் போட்டுவிட்ட பெண் ரிஷ்யூவோடு ஓடிவந்தாள். நானும் அழுதேன் மச்சான், உன்னிடம் என்ன மறைப்பு. மகள் எழும்பி என் கையைப் பிடித்தாள். "அப்ப அப்பாவும் வாறார். வாங்கோ, நடப்பம்."

தேவாலயத்துக்குள் பீடம்வரை நடந்தோம். பாதி வழியில் மற்றதும் வழுகியது. தோல் தெரிந்திருக்கும். அவள் கையை இறுக்கிக்கொண்டு முன்னுக்கே பார்த்து நடந்தாள், ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. எவ்வளவு மார்க் என்று நான் கேட்கவில்லை.

விருந்து முடிந்து புறப்படும்போது, காலுறையில் ஒன்று தனக்கு வேண்டும் என்றாள். தோய்த்துத்தான் தருவேன் என்றேன். பின்னேரம் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். மற்றது என்னிடம் இருக்கும். ஒற்றைக் காலுறையை எந்தச் சூட்டோடும் போட முடியாதென்று எனக்கும் தெரியும். நீ வைச்சிரு என்றாய். வைத்திருக்கிறேன்.