பின்னால் நிற்கும் கைகள்

கார்டர்ஸ் மில், கென்டக்கி
மார்ச் 14, வெள்ளி

அன்புள்ள காரெட்,

சியர் பயிற்சியில் ஒருவன் கை மேல் ஏறி நிற்கிற பெண்ணே தள்ளி நில் என்று சொன்னால், அவள் விழுந்தால் பிடிக்கப் பின்னால் காவல் நிற்கிறவன் தள்ளி நிற்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு நாட்களாக யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அதனால்தான் உன் செய்திக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரிந்திருக்கும். இங்கே உன் அப்பா, நான், நாய் மூவரும் சௌக்கியம். அங்கே டெக்சாஸில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, முதுகு பிடித்துக்கொள்ளாமல், தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் எங்களுக்கு அது போதும்.

அப்பா பின்கட்டுப் படிகளைப் பிரித்துப் போட்டுப் புதிதாக அடித்துக்கொண்டிருக்கிறார், மூன்று வாரமாகப் பலகையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகிறோம். வெண்டல் சித்தப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, வாய் மட்டும் முன்பைவிட வேகமாக நடக்கிறது. ஆட்டங்களில் பெண்களைத் தூக்கி நிறுத்தி உற்சாகப்படுத்துகிற சியர் குழுவுக்கு நீ முயற்சி செய்கிறாய் என்று கேள்விப்பட்டதும், ஆறடி மூன்றங்குலம் வளர்ந்து நாலு வருஷம் ஃபுட்பால் ஆடினது கடைசியில் பாவாடைக்காரிகளோடு குதிக்கவா என்று தேவாலய விருந்தில் எல்லோர் எதிரிலும் கேட்டார். அப்பா அப்போது பன்றிக்கறியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் மறுநாள் முடிவெட்டும் கடையில் அவர் பேசியதை எனக்கு வேறொருவர் சொன்னார். "உங்கள்ல எவனாவது உங்க பொண்டாட்டிய ஒத்தக் கையில தலைக்கு மேல தூக்கி நிறுத்துங்க பாப்போம், அப்புறம் என் பையனப் பத்திப் பேசலாம்" என்றாராம். உன்னிடம் இதைச் சொல்ல மாட்டார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

ஏப்ரலில் நடக்கிற குழுத் தேர்வுக்கு என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தாய், அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். புதிதாக வருகிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் கையால் தூக்கப் பார்ப்பார்கள். கை நடுங்கும், மேலே இருப்பவளுக்கு அந்த நடுக்கம் பாதம் வழியாக ஏறும். காலால் தூக்கு. அவளோடு சேர்ந்து முழங்காலை மடக்கு, சேர்ந்து எழு, கை கடைசியில் வந்து பூட்டிக்கொள்ளட்டும். முகத்தைப் பார்க்காதே, உன் கையையும் பார்க்காதே, அவள் இடுப்பைப் பார். முகம் சிரித்துக்கொண்டே இருக்கும், இடுப்புதான் எந்தப் பக்கம் விழப்போகிறது என்று முதலில் சொல்லும். நகத்தை ஒட்ட வெட்டு, மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம், சூயிங்கம் வேண்டவே வேண்டாம். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல், வெட்கப்பட்டு முணுமுணுக்கிறவனை நம்பி யாரும் ஏற மாட்டார்கள். பின்பக்கக் குட்டிக்கரணம் வரவில்லை என்று கவலைப்படாதே, வராததைத் தேர்வன்று போட்டுக் காட்டாதே. கல்லூரிப் பாட்டை மனப்பாடம் செய். தூக்கியது சரியாக வரவில்லை என்றால் அவள் மேல் பழி போடாதே, அவள் போட்டாலும் போடாதே. நேர்காணலில் மதிப்பெண் கேட்பார்கள், வேதியியலில் வாங்கிய சி-யை மறைக்காமல் சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் விழுந்தால் அவளுக்கு முன்னால் நீ தரையில் இருக்க வேண்டும். கீழே இருப்பவனுக்கு வேலை அதுதான், மற்றதெல்லாம் கைதட்டலுக்கு.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். போன வாரம் நீ அனுப்பிய வீடியோவில் உன் முகம் இல்லை. குழுவில் ஏற்கெனவே இருக்கிற டெஸ்ஸாவை அவளுடைய கூட்டாளி தூக்கி நிறுத்துகிறான், அவள் முதுகுக்குப் பின்னால், தொடாமல், விரித்த இரண்டு கைகள் மட்டும் சட்டத்துக்குள் வருகின்றன. உன் கைகள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை நான் பதினொரு தடவை பார்த்தேன். பதினொரு தடவையும் அவை உன் கைகளாக இல்லை.

கல்லூரியில் இரண்டு வருடம் நான் சியர் குழுவில் இருந்தேன், பிறகு படிப்புக்காக விட்டேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். காறை எலும்பின் மேல் இருக்கும் தழும்பைப் பற்றி நீ சின்ன வயதில் கேட்டபோது குதிரையிலிருந்து விழுந்தேன் என்று சொன்னேன். நான் குதிரை மேல் ஏறியதே இல்லை. 1996 மார்ச்சில், அடுத்த வருடக் குழுவுக்கான தேர்வுக்குப் பத்து நாள் முன்னால், பயிற்சிக் கூடத்தில் விழுந்தேன். என்னைத் தூக்குகிறவன் பிரெண்ட், கடைசி வருடம். பின்னால் காவல் நிற்க டாரல் என்று ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். முதல் வருடம், உன்னைப் போலவே புதியவன், புகையிலைப் பண்ணையிலிருந்து வந்தவன், வைக்கோல் கட்டுகளைத் தூக்கியே தோள் வளர்த்தவன். குழுவில் இருப்பதற்காகக் கல்லூரி அவனுடைய கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்திருந்தது, இல்லாவிட்டால் அவனால் படித்திருக்க முடியாது. அவன் மிக நெருக்கமாக நிற்பான். எந்தப் புகைப்படத்தை எடுத்தாலும் என் இடுப்புக்குப் பக்கத்தில் அவனுடைய பெரிய கைகள் தெரியும். பிரெண்ட் தனியாக என்னைத் தாங்க மாட்டான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்களே என்று எனக்கு எரிச்சல்.

"டாரல், கொஞ்சம் தள்ளி நில்லேன், உன் கை தெரியுது" என்றேன். கோச் மேப்ரி இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்றான். "கோச்சா மேல ஏறி நிக்கறாரு? நான்தானே நிக்கறேன்" என்றேன். பிரெண்ட் சிரித்தான். டாரல் இரண்டடி பின்னால் போனான்.

ஏறினேன். பிரெண்டின் மணிக்கட்டு திரும்பியது எனக்குப் பாதத்தில் தெரிந்தது. பின்பக்கமாகச் சாய்ந்தேன், சரியாக டாரல் நின்றிருக்க வேண்டிய இடத்தில். அந்த இரண்டடியை அவன் பாய்ந்து கடந்திருக்கிறான். முழுதாகப் பிடிக்க முடியவில்லை, என் தலைக்கும் தரைக்கும் நடுவில் கையை மட்டும் நுழைக்க முடிந்தது. என் தோள் தரையில் அடித்தது, தலை அவன் கையில் விழுந்தது. அவன் மணிக்கட்டில் மூன்று எலும்புகள் நொறுங்கின. அந்தச் சத்தத்தை நான் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டேன், என் மண்டைதான் உடைந்தது என்று நினைத்தேன். கோச் ஓடி வந்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்து, யாரைக் கேட்டு இடத்தை விட்டு நகர்ந்தாய் என்று கேட்டார். டாரல் கையைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்தான். என்னைப் பார்த்தான். எனக்கு நினைவு இருந்தது காரெட், மயக்கம் இல்லை, வலி கூட அப்போது பெரிதாக இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "நானாத்தான் தள்ளி நின்னேன், கோச்" என்று அவன் சொன்னது மூடிய கண்ணுக்கு வெளியிலிருந்து கேட்டது. பிரெண்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டணச் சலுகையும் போனது. மே மாதம் ஊருக்குப் போனவன் இலையுதிர் காலத்தில் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நான் படித்து முடிக்கும்வரை அந்தக் கல்லூரியில், என் பெயரைச் சொல்லி, டாரல் ராண்டாவைக் கீழே விட்டுவிட்டான் என்றுதான் பேச்சு. என்னிடமே சொல்வார்கள், பரிதாபமாக. நான் தலையாட்டுவேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, நீ அறிவாய். மண்ணைச் சோதித்து அறிக்கை எழுதுகிறவள், அளக்க முடியாததைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. செத்தவர்கள் வந்து நிற்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. டாரல் சாகவும் இல்லை. நாற்பது மைல் தள்ளி மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறான், நாலு வருடம் முன்பு பெயர்ப்பலகையைப் பார்த்தேன், அன்றிலிருந்து படூகா ஊருக்குப் போக வேறு சாலையைப் பிடிக்கிறேன். ஆனால் கடையில் பணம் கட்ட வரிசையில் நிற்கும்போது என் இடுப்புக்கு இரண்டு பக்கமும், தொடாமல், இரண்டு உள்ளங்கைகள் இருக்கின்றன. அவற்றின் சூடு தெரிகிறது. ஆய்வகத்தில் மேல் அலமாரியை எட்ட முக்காலி மேல் ஏறினால் இறங்குவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறேன், அவன் இடத்துக்கு வந்துவிட்டானா என்று பார்ப்பதற்கு. எனக்கு உயரம் ஆகாது என்று அப்பா இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ நடக்கப் பழகியபோது உன் பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு நடந்தேன், ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா எனக்கு ஏன் பதில் தெரியவில்லை என்று. பெண் ஒருத்தி தள்ளிப் போ என்றால் தள்ளிப் போக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்று உன்னை வளர்த்தவள் நான். அதை இப்போது மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. மேலே இருப்பது அவள் உடம்பு, சொல்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது. ஆனால் அந்த உரிமையோடு ஒரு பையனைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னவளும் நான்தான், அவன் மரியாதை தெரிந்தவனாக இருந்ததால்தான் நகர்ந்தான். டெஸ்ஸா மூத்தவள், அவள் ஒரு வார்த்தை சொன்னால் தேர்வில் உனக்கு உதவும், முகத்தைச் சுளித்தால் உதவாது என்று எழுதியிருந்தாய். அதுவும் உண்மைதான். நகராமல் நின்றால் நீ குழுவில் சேராமல் போகலாம். நகர்ந்தால் என்ன ஆகலாம் என்பதை மேலே எழுதிவிட்டேன். எது சரி என்று நீ என்னிடம் கேட்டாய், நான் உன்னிடம் சொல்ல முடிந்ததெல்லாம் எனக்கு நடந்தது மட்டும்தான். அவள் சொல்வதற்கு முன்பே, தரையில் நிற்கும்போதே, நீ அவளிடம் பேசிப் பார். என் அம்மாவின் கதை என்று சொல், பெயரோடு சொல். எனக்கு ஆட்சேபணை இல்லை.

டாரலுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். கோச் மேப்ரி இறந்துவிட்டார், இனி திருத்திச் சொல்ல அவரிடம் போக முடியாது. அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறேன்.

இங்கே ஜலதோஷம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அங்கேயும் இருக்கும், கையைக் கழுவு. ஈஸ்டருக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். கடவுள் உன்னையும், உன் கைக்கு மேலே நிற்கிறவர்களையும் காக்கட்டும். குழுவில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எங்கள் ஆசி உன்னோடு இருக்கும். நகம் வெட்ட மறக்காதே.

அன்புடன்,
அம்மா
(ராண்டா)

மார்ச் 15, சனி

உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதுகிறேன். இன்று காலை ஒன்பதே காலுக்கு நீ கூப்பிட்டாய். பயிற்சிக்குப் போகிற வழியில் பேசினாய், மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக. நேற்று சாயங்காலம் டெஸ்ஸா தள்ளி நிற்கச் சொன்னாளாம், நீ நின்றாயாம். "ஒண்ணுமே ஆகலம்மா, பூ மாதிரி இறங்கினா. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். நான்தான் சும்மா பயந்திட்டிருந்தேன்" என்றாய். இன்றைக்கும் அப்படித்தான் செய்யப் போகிறோம் என்றாய். நான் சந்தோஷம் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டது போலத்தான் அதுவும்.

போனை வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். இதில் ஒரு பிழை இருக்கிறது. டாரலை ஒரே ஒரு தடவை தள்ளி நிற்கச் சொன்னது போலவும், அந்தத் தடவையே விழுந்தது போலவும் எழுதியிருக்கிறேன். இத்தனை வருடமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அது அப்படி இல்லை. அந்த வாரத்தில் அது ஏழாவது தடவை. அதற்கு முன் ஆறு தடவை அவன் தள்ளி நின்றான், ஆறு தடவையும் நான் சுத்தமாக இறங்கினேன், ஒன்றுமே ஆகவில்லை. ஆறு தடவையும் எல்லோரும் கை தட்டினார்கள். டாரலும் தட்டினான்.

பத்தரை மணிக்குத் தபால் நிலையம் போய் டாரலின் கடிதத்தைப் போட்டேன். உன்னுடையதை இங்கேயே நின்று எழுதி முடிக்கிறேன், விரைவுத் தபாலில் போனாலும் திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். வண்டியிலிருந்து உன்னை இரண்டு தடவை கூப்பிட்டேன், இப்போது மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. பயிற்சி பன்னிரண்டு வரை என்று சொல்லியிருந்தாய். இப்போது மணி பத்து ஐம்பது.