இடம் மாறிய ஐந்து விநாடி

2007 சித்திரை, செவ்வாய் இரவு

எங்கள் பதிவு மென்பொருள் நாளை அகதி முகாம்களுக்குப் போக இருந்தது. ஒரு குடும்பத்தின் விபரத்தைச் சேமித்தவுடன் கணினியின் வயரைப் பிடுங்குவதுதான் என் சோதனை. சில தடவை கோப்பு முழுதாக இருக்கும். சில தடவை கோப்பின் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. முகாமில் அப்படி நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு நிவாரணம் நின்றுவிடும்.

"பிடுங்க முன்னம் அஞ்சு செக்கன் பொறு பிள்ள, பிழை வராது," என்றார் பொறுப்பாளர். பொறுத்தேன், வரவில்லை. ஆனால் இந்த ஊரில் கரண்ட் யாரைக் கேட்டுப் போகிறது?

கோப்பின் பெயர் முதலில் கணினியின் சேமிப்பு வட்டுக்குப் போய், உள்ளடக்கம் பிந்திப் போகிறதோ என்று சந்தேகம் வந்தது. அதே ஐந்து விநாடிக் காத்திருப்பை மென்பொருளுக்குள் அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் வெறுங்கோப்பு. பிழை ஒளிந்திருந்த இடம் அதுதான்.

"சேர், இப்ப எல்லாத் தடவையும் பிழை வருது," என்றேன் மெதுவாக.

"நல்லாயிருக்கு! திருத்தச் சொன்னா முழுசா உடைச்சிட்டு வந்து சிரிக்கிறாய்."

சிரித்தது எனக்கே தெரியவில்லை. அவர் தானே பிடுங்கிப் பார்த்தார். பிறகு முகாமுக்குத் தொலைபேசியில் அழைத்து, "நாளைக்கு அனுப்ப ஏலா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டார். வயர் பிடுங்கினேன் என்றேன்.

"இதுக்கோ உன்னக் கம்பஸுக்கு அனுப்பிப் படிப்பிச்சது?"

வேலையால் வர முன்னமே, உள்ளடக்கம் போய்ச் சேர்ந்த பிறகே பெயர் என்று மென்பொருளை மாற்றிவிட்டேன். ஆனால் 'எழுதிவிட்டேன்' என்று வட்டு சொல்லும்போது உண்மையிலேயே எழுதிவிட்டதா? நாளை அந்த நேரம் பார்த்துப் பிடுங்க வேண்டும்.