கதவுக்குப் பின்னால் சொன்னது

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

கத்தார் விலாசத்துக்கு முன்பு போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை; ஆனால் அவை திரும்பியும் வரவில்லை. அதனால் இதையும் அனுப்புகிறேன்.

நீங்கள் எடுத்த கடனை அறவிடும் கம்பனிக்காரர் திரும்பவும் காத்தான்குடிக்கு வந்தார். "வட்டியைக் கழிச்சுத் தாறம் அக்கா, ஆனா அவர்தான் வந்து ஒப்பம் வைக்கணும்" என்றார். உங்களை எங்கே போய்த் தேட? "அவர் மவுத்தாகிட்டார், நான் இத்தாவில இருக்கன்" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மறுநாள் ஆள் அனுப்பிச் சொன்னார்: வட்டி தள்ளுபடியாம், ஒப்பத்துக்குப் பதில் மரணப் பத்திரம் மட்டும் வேண்டுமாம். புருஷன் மவுத்தானவள் இத்தா முடியும்வரை வெளியில் இறங்கக் கூடாதே, வாசலுக்கும் குசினி அடுப்புக்குமாக நடக்கிறேன். நான்கு மாதமும் பத்து நாளும் எப்படிப் போகும்?

செய்தி பரவி, நேற்று அயலார் வந்து உங்களுக்காகத் துஆ கேட்டார்கள். நடிக்கத்தான் முக்காட்டை இழுத்துவிட்டேன். மச்சான், அழுகை நடிப்பாக வரவில்லை.

இப்படிக்கு,
இத்தாவில் இருப்பவள்