சிவப்புப் பேனா

14 ஆகஸ்ட், வியாழன்

வியட்நாமில் ஆறு வருடம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, மகள் ரூபா போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். இனி என்னோடுதான் என்று நானே முடிவு செய்து, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பள்ளியில் அவளுக்காக வேலைக்குச் சொல்லியும் வைத்தேன்.

இன்று வேலை விண்ணப்பத்தை நீட்டினாள். "கொஞ்சம் பாருங்க லா, மா."

கான்வென்ட்டில் ஆசிரியையாக இருந்த பழக்கம். சிவப்புப் பேனாவால் ஏழு இடங்களில் திருத்திக் கொடுத்தேன்.

"முழுசா படிச்சீங்களா?"

"உன் இங்கிலீஷைப் படிக்க எனக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

அவள் சிரிக்கவில்லை. வாங்கி மறுபடி படித்தேன். வியட்நாமுக்கே திரும்பி ஹனோயிலேயே நிரந்தரமாகத் தங்க விரும்புவதாக நான்காம் வரியில் எழுதியிருந்தாள். அந்த வரியையும் திருத்தியிருந்தேன்.

போகாதே என்று வாய்வரை வந்தது. "சுத்தமா டைப் பண்ணி அனுப்பு" என்றேன்.

அனுப்பிவிட்டாள்.