வெள்ளி விளிம்பு ஹாலி

எதிலும் குறை காண்பவருக்கு,

"ரெண்டே வருஷத்துல வெறும் பச்சையாயிடும்" என்று நீங்கள் பழித்துவிட்டுப் போன, இலை ஓரமெல்லாம் முள்ளுள்ள என் வெள்ளி விளிம்பு ஹாலிச் செடி, நேற்று பொஸ்கோப் ஊரில் நடந்த செடித் தேர்வில் புதிய வகையாகத் தேறிவிட்டது. அதன் கிளைகளை வெட்டி நட்டு நான் வளர்த்த அறுபது கன்றுகளையும் நடுவர் யூர்ரியான் இலை இலையாகப் புரட்டினார்.

"ஒரு முழுப்பச்சை இலைகூட இல்லையேம்மா. வரும்போதே பிடுங்கிப் போட்டுட்டீங்களா?"

"சந்தேகமா இருந்தா மறுபடி தேடுங்க. முள்ளு குத்தினா நான் பொறுப்பில்ல" என்றேன். தேடினார், குத்தியது.

பதிவுப் படிவத்தில், உருவாக்கியவர் என்ற இடத்தில் நம் இருவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். மன்னித்துவிட்டதாக எண்ண வேண்டாம். இந்தச் செடி பிறக்க நான் பூவில் தூரிகையால் தடவிய மகரந்தம் நீங்கள் நட்ட ஆண் ஹாலி மரத்தினுடையது. மறைத்து எழுத நான் படிக்கவில்லை.

உங்கள் கையொப்பமும் தேவை. தபாலில் அனுப்பினால் போதும். செடியைப் பார்க்க வேண்டுமென்றால் நேரில்தான் வர வேண்டும்.

சட்டப்படி இன்றும்
உங்கள் மனைவி