நிம்மதியான உறக்கம்

தியாகதுருகம்
9.2.2025

அன்புத் தங்கச்சி ஜெயசுதாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். எழில்மதி நன்றாகப் பால் குடிப்பதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். வெள்ளிமலையில் சிக்னல் இல்லை என்று நீ போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் எப்படியோ கிடைக்கிறது. அதனால்தான் கடிதம். பிறந்த வீட்டில் மூன்று மாதம்கூட இருக்காமல் கைக்குழந்தையோடு மலையேறிவிட்டாய். இங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் அம்மா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தொட்டில் போட்ட அன்று நடந்தது எனக்கும் வருத்தம்தான். அதற்காகத் தைலத்தின்மேல் பழி போடலாமா? என் ‘மலைத்தென்றல்’ எசென்ஷியல் ஆயில் முழுக்க இயற்கை. யூகலிப்டஸ் இலையைத்தான் காய்ச்சுகிறேன், யூரியாவை அல்ல. அன்று கூட்டம் ஜாஸ்தி, புழுக்கம் வேறு. டாக்டர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள்.

ஒரு நல்ல செய்தி. குழந்தைகளுக்கென்றே தனி பாட்டில் கொண்டுவருகிறேன். லேபிள் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன், படத்தைப் பார். நம் எழில்மதிதான். அன்று தூளியில் நான் எடுத்தது. இத்தனை அமைதியான முகம் எந்தக் கம்பெனிக்கும் கிடைக்காது. உதடு மட்டும் கறுப்பாக விழுந்திருந்தது. பிரஸ்காரர் கம்ப்யூட்டரில் சிவப்பாக்கிவிட்டார். ‘பிறந்த நாள் முதல் நிம்மதியான உறக்கம்’ என்ற வரி நானே எழுதியது.

காதுகுத்துக்குக் கம்மல் செய்யச் சொல்லிவிட்டேன். மாமன் மடி காத்திருக்கிறது.

என்றும் உன் அண்ணன்,
அன்புச்செல்வன்


வெள்ளிமலை
16.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் நீதான் பேசுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் கடிதமே நல்லது.

அன்று நடந்ததை நீ மறந்துவிட்டாய். சொல்கிறேன். புதுப் புடவையில் தூளி கட்டி, குழந்தையை முதலில் நீ போட்டாய். அது மாமன் முறை, யாரும் தடுக்கவில்லை. பிறகு தலைமாட்டு மடிப்பில் பாட்டிலைக் கவிழ்த்தாய். “இனிமே சளியே அண்டாதுடா கண்ணு” என்றாய். “கண்ணு கரிக்குதேப்பா” என்றாள் சித்தி. “அதான் சித்தி, ஒரிஜினலு” என்று சிரித்தாய். தூளித் துணி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. நெடி வெளியேற வழியில்லை. வீறிட்டவள் கொஞ்ச நேரத்தில் அடங்கினாள். “இன்னா சமத்து பாரு, மாமன் கை பட்டதும் தூங்கிப்பூட்டா” என்றார்கள். நீ படம் எடுத்தாய். எனக்குப் பால் கட்டி மார் வலித்ததால் துணியை விலக்கினேன். அவள் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

கள்ளக்குறிச்சி போகும்வரை ஆட்டோவில் அவள் மூச்சு வந்து வந்து போனது. டாக்டர் தேவிப்ரியா குழந்தையைச் சுற்றியிருந்த துணியை முகர்ந்ததுமே கேட்டார்: “இன்னாம்மா ஊத்துனீங்க? பெரியவங்களுக்கு மூக்கைத் தொறக்குறது பச்சக் கொழந்தைக்கு மூச்சையே நிறுத்திடும். யூகலிப்டஸ், புதினா, கற்பூரம் எந்தத் தைலமும் வேணாம். துணியில, தலகாணில, நெஞ்சுல, எங்கயும் வேணாம். புகையவைக்கிற மிஷினும் வேணாம்.” இயற்கைதான் என்று அம்மா சொன்னாள். “அரளி விதையும் இயற்கதாம்மா” என்றார்.

லேபிளில் இருக்கும் என் மகள் தூங்கவில்லை, அண்ணா. உதட்டைச் சிவப்பாக்கிய பிரஸ்காரருக்குத் தெரிய நியாயமில்லை. உனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டிலை விற்காதே. நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுது. எழில்மதி உன் மடியில்தான் காது குத்திக்கொள்வாள்.

உன் தங்கச்சி,
ஜெயசுதா


தியாகதுருகம்
25.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தங்கச்சியா வியாபாரமா என்று கேட்டால் எனக்குத் தங்கச்சிதான். எழில்மதி படம் போட்ட லேபிள் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது திருப்திதானே?

புது லேபிளில் வேறு குழந்தை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அரங்கநாதனின் மகன். பிறந்து ஒரு மாதம்தான் இருக்கும், கொழுகொழுவென்று இருக்கிறான். ஓயாமல் அழுதுகொண்டிருந்தானாம். தலையணையில் நம் தைலத்தைத் தெளிக்க ஆரம்பித்ததிலிருந்து அழுவதே இல்லையாம். பால் கேட்டுக்கூட அழுவதில்லை என்று அவன் அம்மா ஆச்சரியப்படுகிறாள். அதையே விளம்பரத்தில் போடலாமா என்று யோசிக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கும் மரியாதை கொடுத்திருக்கிறேன். ‘பிறந்த நாள் முதல்’ என்பதைப் ‘பிறந்த வாரம் முதல்’ என்று மாற்றிவிட்டேன்.

கம்மல் தயார். தேதி சொல்.

உன் அண்ணன்,
அன்புச்செல்வன்


வெள்ளிமலை
8.3.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. பால் கேட்டுக்கூட அழுவதில்லை என்ற வரியை உன் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். அந்தக் குழந்தையின் அம்மாவுக்குக் கடிதம் எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது போய்ச் சேரும்வரை அவன் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டுமே.

ஆலை வாசலில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர்கள் முதலில் நம்பவில்லை. “யாருங்க நீங்க? இன்னொரு தைலக் கம்பெனியா?” என்று கேட்டார்களாம். கடைசியில் நம் எழில்மதி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த படத்தைக் காட்டியிருக்கிறார். அதுவும் அதே நாளில் எடுத்த படம்தான். அதில் யாரும் உதட்டைச் சிவப்பாக்கவில்லை.

அரங்கநாதன் மகனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டார்கள். உன் மாப்பிள்ளை அங்கிருந்தே போன் செய்தார். எனக்கு இப்போது சிக்னல் கிடைக்கிறது. பின்னால் அந்தப் பையன் அழுவது கேட்டது. பசித்த அழுகை. போனை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் பால் குடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் லேபிளுக்கு அடுத்த குழந்தையைத் தேடாதே. அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதை டாக்டர் தேவிப்ரியாவே மருந்து அதிகாரிகளுக்கு எழுதிவிட்டார். அவர்கள் போனில் கேட்டதும் நான் உன் கடையின் விலாசத்தைக் கொடுத்தேன்.

காதுகுத்து சித்திரையில், திருக்கோவிலூரில். மடிக்குப் பெரியப்பா மகன் வீரமணி அண்ணனைக் கேட்டிருக்கிறோம். ஒத்துக்கொண்டார். அம்மாவை அழைத்துக்கொண்டு நீயும் வா. தைலம் படாத சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார். சாப்பிட்டுவிட்டுப் போ. குழந்தையைத் தூக்கக் கேட்காதே.

ஜெயசுதா